இரு பொருள்கள் சேரும் கோட்டில் விரிசல்: முதன்முறையாகக் கணக்குப் போடுபவர்களுக்கு

தடித்த கண்ணாடியின் மேல் எபாக்சி ஊற்றி இறுகவிட்டிருக்கிறோம். இரண்டும் சேரும் இடைமுகத்தில் 20 மி.மீ. நீளத்துக்கு மட்டும் ஒட்டாமல் விட்டுப்போயிருக்கிறது. அந்த இடைமுகத்துக்குச் செங்குத்தாக 5 மெகாபாஸ்கல் தகைவில் இழுக்கிறோம். விரிசல் நீளுமா, நீளாதா? இந்த ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு கடைசிவரை போவோம். சிப்புக்குள் இருக்கும் மெல்லிய படலம், விமானத்தின் கூட்டுப்பொருள் அடுக்கு, பல்லில் அடைத்த சிமெண்ட், நிலத்தடியில் இருவகைப் பாறைகள் சேரும் பிளவு என்று எங்கே போனாலும் அடிப்படைக் கணக்கு இதுதான்.

கலப்பெண், மடக்கை, தகைவு–திரிபு, யங் குணகம், பாய்சான் விகிதம் ஆகியவை தெரிந்திருந்தால் போதும். ஒரே பொருளுக்குள் இருக்கும் விரிசலின் கணக்கை ஒருமுறை படித்திருந்தால் இன்னும் நல்லது. அங்கே இல்லாத ஒரு சிக்கல் இங்கே வருகிறது. விரிசல் எவ்வளவு திறக்கிறது, எவ்வளவு சறுக்குகிறது என்ற கேள்விக்கு, "எந்த நீளத்தில் பார்க்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுவே. அதனால் கட்டுரையில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: எது மேலே என்று முதலில் எழுதுங்கள்

தாளில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். மேலே எபாக்சி, அது பொருள் 1. கீழே கண்ணாடி, அது பொருள் 2. விரிசலின் வலது முனையை மூலப்புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இடப்பக்கம் விரிசல், வலப்பக்கம் ஒட்டிய பகுதி. இதைச் சின்ன விஷயம் என்று தாண்டிப் போகாதீர்கள். மேல்கீழ் மாறினால் கீழே வரும் பீட்டா, எப்சிலான் இரண்டின் குறியும் மாறும். குறி மாறினால் சறுக்கின் திசை மாறும்.

கூடவே எடுகோள்களையும் எழுதிவிடுங்கள். இரண்டும் நேரியல் மீட்சிப் பொருள்கள், எல்லாத் திசையிலும் ஒரே பண்பு உள்ளவை, தளத் திரிபு நிலை (தடிமன் திசையில் திரிபு இல்லை), இடைமுகம் நேரானது, விரிசலுக்கு அப்பால் ஒட்டு முழுமையானது.

படி 2: டண்டர்ஸ் எண்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மாறிலிகள் என்றால் மொத்தம் நான்கு. எல்லையில் விசைகள் தரப்பட்டிருக்கும் சமதளக் கணக்குகளில், தகைவுகள் இந்த நான்கையும் தனித்தனியே சார்ந்தவை அல்ல, அவற்றிலிருந்து கிடைக்கும் இரண்டே எண்களைச் சார்ந்தவை என்று 1960களின் பிற்பகுதியில் டண்டர்ஸ் காட்டினார். அந்த இரண்டும் ஆல்ஃபா, பீட்டா. இரண்டுக்கும் அலகு கிடையாது.

முதலில் ஒவ்வொரு பொருளுக்கும் சறுக்குக் குணகம் மியூ = யங் குணகம் ÷ [2 × (1 + பாய்சான் விகிதம்)], பிறகு கப்பா = 3 − 4 × பாய்சான் விகிதம்.

எபாக்சி: யங் குணகம் 3 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.35. மியூ1 = 3 ÷ 2.7 = 1.111. கப்பா1 = 1.6.
கண்ணாடி: 70 ஜிகாபாஸ்கல், 0.20. மியூ2 = 70 ÷ 2.4 = 29.17. கப்பா2 = 2.2.

இரண்டு எண்களுக்கும் பகுதி ஒன்றே:
மியூ1 × (கப்பா2 + 1) + மியூ2 × (கப்பா1 + 1) = 3.556 + 75.833 = 79.389

ஆல்ஃபா = (3.556 − 75.833) ÷ 79.389 = −0.910
பீட்டா = [மியூ1 × (கப்பா2 − 1) − மியூ2 × (கப்பா1 − 1)] ÷ 79.389 = (1.333 − 17.5) ÷ 79.389 = −0.204

ஆல்ஃபா விறைப்பில் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறது. −1க்கு இவ்வளவு அருகில் இருப்பதால், எபாக்சியின் பார்வையில் கண்ணாடி கிட்டத்தட்ட அசையாத பாறை. ஆனால் இந்தக் கட்டுரையின் கதாநாயகன் பீட்டாதான். இரண்டு பொருள்களும் பருமன் மாறாதவையாக இருந்தால், அதாவது பாய்சான் விகிதம் 0.5 ஆக இருந்தால், கப்பா 1 ஆகி பீட்டா பூச்சியமாகிவிடும். விறைப்பு எவ்வளவு வேறுபட்டாலும் சரி, அப்போது இனி வரப்போகும் சிக்கல் எதுவும் கிடையாது. இரு வகை ரப்பரை ஒட்டிய இணைப்பு அதற்கு அருகில் வரும்.

படி 3: எப்சிலான் எங்கிருந்து வருகிறது

எப்சிலான் = (1 ÷ 2பை) × இயல்மடக்கை[(1 − பீட்டா) ÷ (1 + பீட்டா)]

நம் எண்களுக்கு 1.204 ÷ 0.796 = 1.511. அதன் இயல்மடக்கை 0.413. எப்சிலான் = 0.0657.

சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு நகராமல், அது பிறக்கும் இடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாலு வரிதான். விரிசல் முனையைச் சுற்றி ஒரு கலப்பெண் சார்பை எடுத்துக்கொள்கிறோம். ஒட்டிய பகுதியில் அதன் மெய்ப்பகுதி செங்குத்துத் தகைவு, கற்பனைப்பகுதி சறுக்குத் தகைவு. விரிசலின் முகங்களில் விசை இல்லை. அந்த நிபந்தனை இப்படி வரும்:

(1 − பீட்டா) × மேல்முக மதிப்பு + (1 + பீட்டா) × கீழ்முக மதிப்பு = 0

சார்பை ஓர் அடுக்காக, அதாவது முனையிலிருந்து எடுத்த கலப்பெண் தூரத்தின் 'ச' அடுக்காக வைத்துப் பாருங்கள். ஒட்டிய பகுதியிலிருந்து அரைவட்டம் மேலே சுற்றினால் மேல்முகம், கீழே சுற்றினால் கீழ்முகம். மேல்முக மதிப்பைக் கீழ்முக மதிப்பால் வகுத்தால் −(1 + பீட்டா) ÷ (1 − பீட்டா) வர வேண்டும். பீட்டா பூச்சியம் என்றால் இது வெறும் −1. 'ச' = −1/2 போதும். ஒரே பொருளில் வரும் பழைய விடை அது. பீட்டா பூச்சியமில்லை என்றால் விகிதத்தின் மட்டு மதிப்பு 1 இல்லை. மெய்யெண் அடுக்கு எதுவானாலும் சுற்றும்போது கோணத்தை மட்டுமே மாற்றும், மட்டு மதிப்பைத் தொடாது. எனவே அடுக்குக்குக் கற்பனைப்பகுதி வந்தே ஆக வேண்டும். 'ச' = −1/2 + ஐ × எப்சிலான். இங்கே 'ஐ' என்பது −1இன் வர்க்கமூலம். சமன்பாட்டில் இதைப் போட்டால் மேலே கொடுத்த எப்சிலான் சூத்திரம் தானாக வந்து நிற்கும்.

இந்த விடையை 1959இல் வில்லியம்ஸ் வெளியிட்டார், அதுவும் ஒரு நிலநடுக்கவியல் இதழில். இரு பாறைகளுக்கு இடையிலான பிளவுதான் அப்போது அவர் முன்னிருந்த கேள்வி.

பாய்சான் விகிதம் 0 முதல் 0.5 வரை உள்ள பொருள்களுக்கு பீட்டாவின் மட்டு மதிப்பு 0.5ஐத் தாண்டாது. ஆகவே எப்சிலானும் 0.175க்கு மேல் போகாது. உங்கள் கணக்கில் 0.3 வந்தால் எங்கோ குறியோ சூத்திரமோ பிசகியிருக்கிறது.

படி 4: கே என்ற கலப்பெண், அதற்குள் ஒளிந்திருக்கும் நீளம்

இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

ஒட்டிய பகுதியில், முனைக்கு மிக அருகே:

செங்குத்துத் தகைவு + ஐ × சறுக்குத் தகைவு = கே × (தூரத்தின் ஐ·எப்சிலான் அடுக்கு) ÷ √(2பை × தூரம்)

கே என்பது தகைவுச் செறிவுக் காரணி, முனையருகே தகைவு எவ்வளவு கடுமையாக ஏறுகிறது என்பதன் அளவு. தூரத்தின் ஐ·எப்சிலான் அடுக்கு என்பது மட்டு மதிப்பு 1 உள்ள ஒரு கலப்பெண். அதன் கோணம், ரேடியனில், எப்சிலான் × மடக்கை(தூரம்). இனி மடக்கை என்றால் இயல்மடக்கைதான். அதாவது, முனையை நெருங்க நெருங்கத் தகைவு ஏறுவதோடு நிற்காமல் அதன் கோணமும் சுழல்கிறது. நம் கண்ணாடி–எபாக்சி இணைப்பில் தூரம் பத்தில் ஒன்றாகும்போதெல்லாம் கோணம் 8.7 டிகிரி திரும்பும்.

ஒரே பொருளில் கேயின் மெய்ப்பகுதி திறப்பையும் கற்பனைப்பகுதி சறுக்கையும் குறிக்கும். இங்கே அப்படிப் பிரிக்க முடியாது. ஏன் என்று எண்களிலேயே பார்த்துவிடலாம். முடிவிலாத் தகட்டில் 2அ நீளமுள்ள விரிசலுக்கு விடை தெரியும்:

கே = (செங்குத்துத் தகைவு + ஐ × சறுக்குத் தகைவு) × (1 + 2ஐ·எப்சிலான்) × √(பை × அ) × (2அவின் −ஐ·எப்சிலான் அடுக்கு)

அ = 10 மி.மீ., வெறும் இழுவிசை 5 மெகாபாஸ்கல். மட்டு மதிப்பு 0.894 மெகாபாஸ்கல்·√மீட்டர். இதில் குழப்பமில்லை. இப்போது கேயின் கோணத்தைக் கணக்கிடுங்கள். நீளத்தை மீட்டரில் வைத்து 2அ = 0.02 என்று போட்டால் கோணம் 22.2 டிகிரி. அதே நீளத்தை மில்லிமீட்டரில் வைத்து 2அ = 20 என்று போட்டால் −3.8 டிகிரி. அதே தகடு, அதே விரிசல், அதே இழுவிசை. அலகை மாற்றியதற்கே 26 டிகிரி மாறிவிட்டது, குறியும் சேர்த்து. இருவர் ஒரே கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, ஒருவர் விடையை மற்றவர் தவறு என்று சொல்லிக்கொண்டிருக்க இது ஒன்றே போதும்.

தீர்வு எளியது. ஒரு குறிப்பு நீளத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். கேயை அந்த நீளத்தின் ஐ·எப்சிலான் அடுக்கால் பெருக்குங்கள். இப்போது அலகின் தொல்லை போய்விட்டது. இந்தப் பெருக்கத்தின் கோணத்தைத்தான் கலப்புக் கோணம் என்று சொல்ல வேண்டும். குறிப்பு நீளம் 20 மி.மீ. என்றால் நம் விரிசலின் கலப்புக் கோணம் 7.5 டிகிரி. மீட்டரில் போட்டாலும் மில்லிமீட்டரில் போட்டாலும் 7.5 தான்.

குறிப்பு நீளத்தை மாற்றினால்?

புதிய கோணம் = பழைய கோணம் + எப்சிலான் × மடக்கை(புதிய நீளம் ÷ பழைய நீளம்)

20 மி.மீ.க்குப் பதில் 20 மைக்ரோமீட்டர் எடுத்தால் கோணம் 7.5 − 26 = −18.5 டிகிரி. இரண்டும் ஒரே விரிசலைப் பற்றிய சரியான கூற்றுகள்தான். விரிசல் அளவில் பார்த்தால் சறுக்கு ஒரு பக்கம், எபாக்சி உண்மையில் கிழியும் நுண்ணளவில் பார்த்தால் மறுபக்கம். நீளத்தைச் சொல்லாமல் கலப்புக் கோணத்தை மட்டும் தரும் அட்டவணையைப் பார்த்தால், அதிலிருந்து ஓர் எண்ணைக்கூட எடுக்காதீர்கள். இதில் நான் சமரசமே செய்வதில்லை.

எந்த நீளத்தைத் தேர்ந்தெடுப்பது? பொருள் சேதமாகும் பகுதியின் அளவை எடுத்தால், வெவ்வேறு அளவு மாதிரிகளின் சோதனை முடிவுகளை ஒப்பிடுவது எளிது. ஆரம்பத்தில் மாதிரியின் ஏதாவது ஒரு நிலையான அளவை எடுத்தாலும் பிழையில்லை. எழுதிவைத்தால் போதும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

படி 5: முகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுமா?

கோணம் சுழன்றுகொண்டே போனால் ஒரு கட்டத்தில் திறப்பு எதிர்மறையாகிவிடும். மேல்முகம் கீழ்முகத்துக்குள் புகுந்துவிட்டதாகக் கணிதம் சொல்லும். நடக்க முடியாத காரியம். இந்த முரண் பல ஆண்டுகள் ஆய்வாளர்களைத் தொந்தரவு செய்தது. 1977இல் மரியா கோம்னினூ, முனைக்கு அருகே முகங்கள் தொட்டுக்கொண்டிருப்பதாகவே வைத்துக் கணக்கை மறுபடி தீர்த்தார். தொடும் பகுதி மிகச் சிறியதாக இருந்தால் பழைய விடையையே நம்பிப் பயன்படுத்தலாம் என்பதை 1988இல் ரைஸ் தெளிவுபடுத்தினார். நீங்கள் செய்ய வேண்டியது, அந்தச் சிறுமையை உங்கள் எண்களில் சோதித்துப் பார்ப்பது.

முடிவிலாத் தகட்டின் விரிசலில், முனைக்கு அருகே திறப்பு–சறுக்குக் கோணம் = சுமைக் கோணம் + எப்சிலான் × மடக்கை(தூரம் ÷ 2அ). சுமைக் கோணம் என்பது தொலைவில் உள்ள இழுவிசை, சறுக்கு இரண்டின் விகிதத்தால் வரும் கோணம். இந்தக் கூட்டுத்தொகை −90 டிகிரியைத் தொடும் இடத்தில் முகங்கள் தொடத் தொடங்குகின்றன.

வெறும் இழுவிசைக்குச் சுமைக் கோணம் 0. மடக்கை −1.571 ÷ 0.0657 = −23.9. தூரம் 20 மி.மீ.இல் சுமார் 4 × 10⁻¹¹ பங்கு, அதாவது 8 × 10⁻¹³ மீட்டர். அணுக்களுக்கு இடையிலான தூரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அளவில் 'தொடர்ச்சியான பொருள்' என்ற பேச்சே எடுபடாது. கவலைப்படாமல் மேலே போகலாம்.

ஆனால் இழுவிசைக்குச் சமமான எதிர்மறைச் சறுக்கையும் சேருங்கள். சுமைக் கோணம் −45 டிகிரி. தொடும் பகுதி 0.13 மைக்ரோமீட்டர். இன்னும் பரவாயில்லை. −80 டிகிரிக்குப் போங்கள். 1.4 மி.மீ. என்று வரும். 20 மி.மீ. விரிசலில் அது அலட்சியப்படுத்தும் அளவு இல்லை. தொடும் பகுதி விரிசல் நீளத்தில் நூற்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இந்த இணைப்பில் சுமைக் கோணம் சுமார் −72 டிகிரி வரை போகலாம். அதற்கு அப்பால் தொடு நிபந்தனையோடு, தேவைப்பட்டால் உராய்வையும் சேர்த்துத் தனியாகத் தீர்க்க வேண்டும். நேர்மறைச் சறுக்கில் இந்தத் தொல்லை வலது முனையில் வராது, இடது முனையில் வரும். படி 1இல் குறியைப் பற்றி அவ்வளவு வற்புறுத்தியது இதனால்தான்.

படி 6: ஆற்றல்

நல்ல செய்தி: இங்கே அந்தக் கோணச் சுழற்சியின் தொல்லை இல்லை. ஆற்றல் வெளியீட்டு வீதம் என்பது விரிசல் நீளும்போது ஒவ்வொரு அலகுப் பரப்புக்கும் வெளிவரும் ஆற்றல்.

ஆற்றல் வெளியீட்டு வீதம் = (1 − பீட்டா²) × (கேயின் மட்டு மதிப்பு)² ÷ சராசரிக் குணகம்

1 ÷ சராசரிக் குணகம் = ½ × (1 ÷ குணகம்1 + 1 ÷ குணகம்2). தளத் திரிபில் ஒவ்வொரு குணகமும் யங் குணகம் ÷ (1 − பாய்சான் விகிதம்²). எபாக்சிக்கு 3.42, கண்ணாடிக்கு 72.9, சராசரி 6.53 ஜிகாபாஸ்கல். விடை: சதுர மீட்டருக்கு 117 ஜூல். கண்ணாடியின் விறைப்பு இந்தச் சராசரியை எவ்வளவு குறைவாகத் தொடுகிறது என்று கவனியுங்கள். கண்ணாடியை முற்றிலும் அசையாத பொருளாக எடுத்திருந்தாலும் சராசரி 6.84 தான். ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் எபாக்சியிலிருந்தே வெளிவருகிறது.

படி 7: தாங்குதிறனோடு ஒப்பிடுதல்

117 ஜூல் போதுமா என்பதை இடைமுகத்தின் முறிவுத் தாங்குதிறனோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அது ஒற்றை எண் இல்லை, கலப்புக் கோணத்தோடு மாறும் வளைகோடு. சறுக்கு கூடினால் முகங்களின் கரடு ஒன்றோடொன்று மாட்டும், எபாக்சியில் நிரந்தர உருமாற்றமும் கூடும், எனவே வழக்கமாகத் தாங்குதிறன் ஏறும். கண்ணாடி–எபாக்சி இணைப்பிலேயே லீக்டியும் சாயும் 1992இல் வெளியிட்ட சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. நேர்மறைச் சறுக்குக்கும் எதிர்மறைச் சறுக்குக்கும் ஏற்றம் ஒரே மாதிரி இருக்கவும் இல்லை.

ஆகவே உங்கள் கோணத்தை, சோதனை செய்தவர்கள் எடுத்த அதே குறிப்பு நீளத்துக்கு மாற்றி, பிறகு வளைகோட்டில் எண்ணைப் படியுங்கள். படி 4இன் ஒற்றை வரிச் சூத்திரம் அதற்குத்தான். அவர்கள் 20 மைக்ரோமீட்டர் எடுத்திருக்க, நீங்கள் மாற்றாமல் படித்தால், நம் எடுத்துக்காட்டில் 26 டிகிரி தள்ளிப் படித்துவிடுவீர்கள்.

படி 8: கணினியில் சரிபார்த்தல்

உண்மையான வடிவங்களுக்கு ஃபைனைட் எலிமெண்ட் மென்பொருள் வேண்டியிருக்கும். அது பொருளை எலிமெண்ட் எனும் சிறு துண்டுகளாக, மெஷ் எனும் வலையாகப் பிரித்துக் கணக்கிடும். நேரே உங்கள் சொந்தக் கணக்குக்குப் போகாமல், விடை தெரிந்த இந்தத் தகட்டை முதலில் போட்டுப் பாருங்கள். பலர் இங்கே சிக்கிக்கொள்வார்கள், காரணமும் தெரியாது. தகட்டை மேலும் கீழும் இழுத்தால் எபாக்சி குறுக்கே அதிகம் சுருங்க முயலும், கண்ணாடி மிகக் குறைவாகச் சுருங்கும். இந்த இழுபறி விரிசலே இல்லாத இடத்திலும் தகைவை உண்டாக்கும். சூத்திரமோ விரிசலுக்கு முன் தகைவு எங்கும் சீராக இருந்ததாக எடுத்துக்கொண்டது. சீராக்க, எபாக்சியின் பக்கவாட்டு ஓரங்களில் ஓர் இழுவிசையைக் கொடுத்து, இரு பொருள்களின் குறுக்குத் திரிபையும் சமமாக்க வேண்டும். நம் எண்களுக்கு அது 2.63 மெகாபாஸ்கல், கண்ணாடியின் ஓரங்களில் எதுவும் வேண்டாம். இதைச் சேர்க்காமல் மெஷ்ஷை எவ்வளவு நுணுக்கினாலும் சூத்திரத்தோடு ஒத்துவராது.

தகடு விரிசலைப் போல குறைந்தது பத்து மடங்கு அகலம் இருக்கட்டும். பிறகு ஜே தொகையீட்டை, அதாவது முனையைச் சுற்றிய ஒரு வளையத்தில் கூட்டி ஆற்றல் வெளியீட்டு வீதத்தைத் தரும் தொகையீட்டை, பல வளையங்களில் எடுங்கள். இடைமுகம் நேராக இருக்கும்வரை வளையத்துக்கு வளையம் மாறக்கூடாது, 117ஐ ஒட்டி நிற்க வேண்டும். கோணத்துக்கு, முனைக்குப் பின்னால் 0.1 மி.மீ. தள்ளி இரு முகங்களின் இடப்பெயர்ச்சி வேறுபாட்டைப் பாருங்கள். திறப்பு சுமார் 4.0 மைக்ரோமீட்டர், சறுக்கு அதற்கு எதிர்க்குறியில் சுமார் 1.45, கோணம் −20 டிகிரி. பொதுவாக:

கலப்புக் கோணம் = இடப்பெயர்ச்சிக் கோணம் + டேன் மதிப்பு 2·எப்சிலான் ஆகும் கோணம் − எப்சிலான் × மடக்கை(தூரம் ÷ குறிப்பு நீளம்)

−20 + 7.5 + 20 = 7.5. படி 4இல் வந்ததே திரும்பி வந்துவிட்டது. வேறு சில தூரங்களிலும் இதையே செய்து பாருங்கள். முனைக்கு மிக அருகில் உள்ள ஒன்றிரண்டு எலிமெண்ட்களை விட்டுவிடுங்கள், அவற்றால் இந்தச் சுழற்சியைப் பிடிக்க முடியாது.

விரிசலை ஓர் எலிமெண்ட் அளவு மூடுவதாக வைத்து, திறப்பு ஆற்றல், சறுக்கு ஆற்றல் என்று தனித்தனியே தரும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. இடைமுக விரிசலில் அந்த இரண்டு எண்களும் மெஷ்ஷை நுணுக்க நுணுக்க மாறிக்கொண்டே போகும், ஓரிடத்தில் நிலைக்காது. கூட்டுத்தொகை நிலைக்கும். கூட்டுத்தொகையை நம்புங்கள். பிரிவினையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் அந்த எலிமெண்ட்டின் நீளத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

கடைசியாக, மேல்கீழ்ப் பொருள்களை மாற்றி ஒருமுறை ஓட்டுங்கள். 117 அப்படியே இருக்க வேண்டும், 7.5 மட்டும் −7.5 ஆக வேண்டும். அப்படி வந்த பிறகு உங்கள் சொந்த வடிவத்துக்குப் போகலாம்.